ஹென்றி கவெண்டிஷும் மின்னேற்றத்தின் விதியும்

இரு மின்னேற்றங்களிடையே தொழிற்படும் விசை அவ்வேற்றங்களின் பெருக்கத்திற்கு நேர்விகிதமாகவும், அவற்றிடையேயுள்ள தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர் அனைவரும் மனப்பாடமாக அறிந்ததோர் உண்மை. இவ்விதிக்குக் கூலோமின் விதி என்று பெயர். பிரான்சு நாட்டுப் பொறியியலாளராகிய சாள்ஸ் ஒகுஸ்தின் கூலோம் 1785ஆம் ஆண்டில் இதனைச் சோதனையால் நிறுவி உலகறியச் செய்தார். ஆதலால் அப்பெயர் அதற்கு உரியதே. ஆயினும், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இலண்டன் மாநகரில் ஒருவர் அதே விதியைத் தமது வீட்டிலே, வேறொரு வழியால், ஐயத்திற்கிடமின்றிக் கண்டறிந்தார். கண்டறிந்ததை அழகுற எழுதியும் வைத்தார். எழுதியதைப் பெட்டியில் இட்டு மூடினார். அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தும் அதைப்பற்றி அச்சில் ஒரு சொல்லேனும் கூறாது மறைந்தார். அவரே ஹென்றி கவெண்டிஷ் என்னும் பேரறிஞர். ஐதரசன் வாயுவை ஆராய்ந்தவர் என்றும், பூமியை நிறுத்தவர் என்றும் நம்மவர் அவரை அறிவர். மின்னியலில் அவர் செய்தவற்றை அறிந்தார் சிலரே. அதனையே ஈண்டுச் சற்று விரித்துரைக்க எண்ணுகின்றோம்.

கவெண்டிஷ் 1731ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் நீஸ் நகரிற் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் டெவன்ஷயரின் இரண்டாம் கோமகன். தாய்வழிப் பாட்டனார் கென்ற் கோமகன். இங்கிலாந்தின் உயர்குடிகளுள்ளும் உயர்ந்த இரு குடிகளின் வழித்தோன்றலான அவர்க்குத் தாயன்பை நுகரும் பேறு கிட்டவில்லை. அவர் இரண்டு வயதுக் குழந்தையாய் இருக்கும்போதே அன்னையார் ஆன் சீமாட்டி காலமானார். தந்தையார் சாள்ஸ் கவெண்டிஷ் பிரபு தாமும் விஞ்ஞானத்தில் ஈடுபாடுடையவர். ஒரு நாளின் மிகக் கூடிய வெப்பநிலையையும் மிகக் குறைந்த வெப்பநிலையையும் தானே பதிந்து காட்டும் வெப்பமானிகளை அமைத்தமைக்காக 1757ஆம் ஆண்டில் றோயல் சங்கத்தின் கொப்பிளிப் பதக்கம் பெற்றவர். தாயற்ற மகனுக்குத் தந்தை அளித்த சீதனம் அளவு கருவிகளிடத்துப் பற்று என்று கொள்வதில் தவறில்லை.

இளமையில் ஹக்னிக் கல்விச்சாலையிலே பயின்றபின், 1749ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பீற்றர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கிருந்து, 1753ஆம் ஆண்டிற் பட்டம் எதுவும் பெறாது வெளியேறினார். பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பௌதிக ஆய்வுகூடம், பட்டம் பெறாத இம்மாணவரின் பெயர் தாங்கி நிற்கப்போகின்றது என்பதை அன்று யார் கண்டார்? 1760ஆம் ஆண்டில் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். தந்தையாருடன் இலண்டனிலே கிறேற் மால்பறோ வீதி வீட்டில் வசித்துக்கொண்டு, தந்தையார் 1783ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கேயே தமது சோதனைகளை நடத்திவந்தார்.

அவர்தம் இயல்பைப்பற்றி வழங்கும் கதைகள் பல. மிகுந்த கூச்சமுடையவர், ஒருவரோடு பேசுவதே அவர்க்குப் பெருந்துன்பம். வீட்டுப் பணிப்பெண்களை நேரிற் காணவும் அஞ்சி, உணவு இன்னதென்பதைச் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவார் எனவும், அவர்கள் எதிர்ப்படாதிருக்கத் தனியே ஒரு படிக்கட்டுக் கட்டுவித்தார் எனவும் கூறுவர். பாட்டன் காலத்துப் பாணியில் ஆடை அணிவார். தம்மைப் படம் வரைய எவரையும் அனுமதித்தாரல்லர். இன்று எஞ்சியுள்ள ஒரே சித்திரம் அவர் அறியாவண்ணம் வில்லியம் அலெக்சாந்தர் என்னும் ஓவியர் வரைந்தெடுத்தது. தம் பெருநூலகத்தை ஆராய்ச்சியாளர் பயன்படுத்தத் திறந்துவைத்திருந்தவர், தாமே ஒரு நூலை எடுக்கும்போதும் ஏனையோரைப் போலப் பதிவேட்டிற் கையெழுத்திட்டே எடுத்தார் என்பதும் அக்கதைகளுள் ஒன்று. இவற்றைச் சொல்லி நகைப்பது எளிது. ஆனால் வியாழக்கிழமைதோறும் றோயல் சங்கத்தாரின் விருந்துக் கழகத்திற்கு அவர் தவறாது சென்றுவந்தார் என்பதை இக்கதை சொல்வோர் மறந்துவிடுகின்றனர். மனிதரை வெறுத்தவர் அல்லர் அவர். மனிதரிடையே வாய் திறக்க இயலாதவர். இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை பெரிது.

அவர் மின்னியலிற் புகுந்த காலத்தில் அத்துறை எந்நிலையில் இருந்தது என்பதை நோக்குதல் வேண்டும். கண்ணாடியைப் பட்டால் தேய்த்தாற் சிறு பொருள்களை இழுக்கும் என்பதும், ஏற்றம் இருவகைப்படும் என்பதும், ஒத்தவை தள்ளும் ஒவ்வாதவை இழுக்கும் என்பதும் தெரிந்திருந்தன. ஏற்றத்தைச் சேமித்துவைக்கும் இலெய்டன் சாடி 1745, 1746ஆம் ஆண்டளவில் தோன்றியிருந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின், மின் என்பது ஒரேயொரு பாய்மம் என்றும், அது மிகுந்திருத்தல் நேரேற்றம், குறைந்திருத்தல் மறையேற்றம் என்றும் விளக்கியிருந்தார். எல்லாம் காட்சியளவில் நின்றன. கணக்களவில் எதுவும் வரவில்லை. எத்தனை பங்கு ஏற்றம், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு விசை என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. பிராங்கிளின் ஒரு வெள்ளிக் கலத்தை மின்னேற்றி, அதனுள்ளே நூலிற் கட்டிய தக்கையுருண்டையை இறக்கியபோது கலத்தின் உட்சுவர் அதனை இழுக்கவில்லை என்று கண்டு வியந்தார். காரணம் அவர்க்குப் புலப்படவில்லை. 1767ஆம் ஆண்டில் யோசெப் பிறீஸ்ற்லி, அது நியூற்றனின் ஈர்ப்பு விதியை நினைவூட்டுகின்றதே என்று கூரிய ஊகம் ஒன்றை வெளியிட்டார். ஊகம் ஊகமாகவே நின்றது.

1771ஆம் ஆண்டு முடிவில் றோயல் சங்கத்தின் முன் கவெண்டிஷின் மின்னியற் கட்டுரை படிக்கப்படலாயிற்று. நெடிய கட்டுரை, கணிதம் நிறைந்தது. மின்பாய்மத்தின் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அவ்விசை தூரத்தின் ஏதோ ஓர் அடுக்கிற்கு நேர்மாறாகக் குறைகின்றது, அவ்வடுக்கு மூன்றிலும் குறைந்தது என்று மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவையெவை பெறப்படும் என்று ஒவ்வொன்றாக நிறுவிச் சென்றார். அடுக்கு இரண்டாகவே இருத்தல் கூடும் என்னும் எண்ணம் அதில் வெளிப்பட்டது. ஆயினும் அளந்து காணாத ஒன்றை உறுதியாகக் கூற அவர் மனம் ஒப்பவில்லை. இன்னொரு சிறப்பும் அதில் உண்டு. ஒரு பொருளில் உள்ள ஏற்றத்தின் அளவு வேறு, அது மின்னூட்டப்பட்டிருக்கும் படி வேறு என்று பிரித்துணர்ந்தார். கம்பியால் இணைத்த இரு கடத்திகளில் ஏற்றத்தின் அளவு வேறுபடலாம், படி ஒன்றேயாகும். இன்று நாம் மின்னழுத்தம் என்று வழங்கும் கருத்து இதுவே. உயரமான தொட்டியும் அகலமான தொட்டியும் குழாயால் இணைந்தபோது நீரின் அளவு வேறாயினும் நீர்மட்டம் ஒன்றாதல் போல என்று ஆசிரியர் விளக்குவரே, அக்கருத்து.

இனி அவர்தம் பெருஞ்சோதனைக்கு வருவோம். அதற்கு அடிப்படையான கணிதத்தை முதலில் அறிதல் நன்று. உள்ளீடற்ற ஒரு கோள ஓட்டை எண்ணுக. அதன் பரப்பெங்கும் ஏற்றம் சமமாகப் பரந்திருக்கின்றது. உள்ளே, மையத்தினின்று விலகி ஒரு பக்கச் சுவரை அண்மித்த ஒரு புள்ளி உண்டு. அப்புள்ளியை உச்சியாகக்கொண்டு இருபுறமும் விரியும் ஒடுங்கிய கூம்புகளை மனத்தில் வரைக. அண்மைச் சுவரிலே கூம்பு வெட்டும் பரப்புச் சிறிது. சேய்மைச் சுவரிலே பெரிது. சேய்மைச் சுவர் மூன்று மடங்கு தொலைவிலிருப்பின் பரப்பு ஒன்பது மடங்கு. ஆகவே அங்குள்ள ஏற்றமும் ஒன்பது மடங்கு. விசை தூரத்தின் வர்க்கத்திற்கு நேர்மாறாகக் குறையுமாயின், ஒவ்வோர் ஏற்றக்கூறும் செலுத்தும் விசை ஒன்பதில் ஒரு பங்காகும். ஒன்பது மடங்கும் ஒன்பதில் ஒரு பங்கும் ஈடுசெய்ய, இருபுறத்து விசைகளும் சமமாகி ஒன்றையொன்று அழிக்கும். இவ்வாறே எல்லாத் திசையிலும். ஆதலால் ஓட்டினுள்ளே எங்கும் விசையில்லை. ஈர்ப்பைப் பற்றி நியூற்றன் நிறுவிய தேற்றம் இது. கவெண்டிஷின் நுண்ணறிவு இதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்ததில் உள்ளது. அடுக்கு சரியாக இரண்டாக இருந்தால் மட்டுமே இவ்வீடு நிகழும். இரண்டிலும் சிறிது கூடினாலும் குறைந்தாலும் ஈடு குலையும், உள்ளே விசை தோன்றும், அவ்விசை ஏற்றத்தை அசைக்கும். ஆகவே தூரத்தையும் விசையையும் அளந்து அல்லற்பட வேண்டியதில்லை. உள்ளே ஏற்றம் உண்டா இல்லையா என்ற ஒரே வினாவிற்கு விடை கண்டாற் போதும்.

1772ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் கருவியை அமைத்தார். 12.1 அங்குல விட்டமுள்ள கோளம் ஒன்று. அதன்மேல் வெள்ளீயத்தாள் ஒட்டி, அரக்குப் பூசிய கண்ணாடிக் கோலில் நிறுத்தினார். அதனைச் சூழ்ந்து மூடத்தக்கவாறு 13.3 அங்குல விட்டமுள்ள இரண்டு அரைக்கோளங்கள். தடித்த காகித அட்டையாற் செய்து வெள்ளீயத்தாள் போர்த்தவை. அவ்விரண்டும் புத்தகத்தின் அட்டைகள் போலத் திறந்து மூடும் மரச்சட்டங்களிற் பொருத்தப்பட்டிருந்தன. மூடிய நிலையில் உட்கோளத்தையும் வெளியோட்டையும் ஒரு சிறு கம்பி இணைத்தது. இலெய்டன் சாடியினால் வெளியோட்டை மின்னேற்றினார். பட்டுநூலால் இணைப்புக் கம்பியை இழுத்தெடுத்தார். சட்டங்கள் திறந்து அரைக்கோளங்கள் விலகின. அவற்றின் ஏற்றம் உடனே நிலத்திற் செலுத்தப்பட்டது. தனித்து நின்ற உட்கோளத்தில், நூலில் தொங்கும் இரு நெட்டியுருண்டைகளைத் தொடுவித்தார். உட்கோளத்தில் ஏற்றம் இருப்பின் உருண்டைகள் விலகவேண்டும். அவை விலகவில்லை.

இங்கே ஒரு சாதாரண ஆராய்ச்சியாளன் நின்றிருப்பான். உருண்டைகள் விலகவில்லை, ஆகவே ஏற்றமில்லை, ஆகவே விதி மெய் என்று எழுதி முடித்திருப்பான். கவெண்டிஷ் அவ்வாறு செய்யவில்லை. தம் நெட்டியுருண்டைகளின் கூர்மை எவ்வளவு என்று தம்மையே கேட்டார். உட்கோளத்திற்கு வேண்டுமென்றே சிறிதளவு ஏற்றம் கொடுத்து, எவ்வளவு குறைந்த ஏற்றத்தை அவ்வுருண்டைகள் காட்டவல்லன என்று அளந்தார். வெளியோட்டில் இருந்த ஏற்றத்தின் அறுபதில் ஒரு பங்கு உள்ளே இருந்திருப்பினும் அவை காட்டியிருக்கும் என்பது தெளிந்தது. அதிலிருந்து கணித்து, அடுக்கு இரண்டினின்று விலகுமாயின் அவ்விலகல் ஐம்பதில் ஒரு பங்கிற்கு மேற்படாது என்று எழுதிவைத்தார். ஒன்றும் காணவில்லை என்று கூறும்போது, காணத்தக்க மிகச் சிறிய அளவு யாது என்பதையும் கூறவேண்டும் என்னும் இம்முறை இன்று ஆய்வுகூடந்தோறும் போற்றப்படுகின்றது. 1772இல் அது புதுமை. செய்முறைக் குறிப்பேட்டில் பூச்சியம் என்று எழுதிவிட்டு எழுந்து செல்லும் மாணவர் இதனை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.

அதன்பின் அவர் பல்வகைப் பொருள்களின் ஏற்றங் கொள்ளும் அளவை, அதாவது கொள்ளளவத்தை, ஒரு கோளத்தோடு ஒப்பிட்டு அளக்கத் தொடங்கினார். ஒரே விட்டமுள்ள கோளத்திற்கும் மெல்லிய வட்டத் தட்டிற்குமுள்ள விகிதத்தை 1.57 என்று கண்டார். இவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும். இரு தகடுகளிடையே காற்றிற்குப் பதிலாகக் கண்ணாடியை இட்டாற் கொள்ளளவம் பன்மடங்கு கூடுகின்றது என்பதையும் அளந்து குறித்தார். மைக்கேல் பரடே 1837ஆம் ஆண்டில் மீண்டும் கண்டு புகழெய்திய உண்மை இது.

மின்னோட்டத்தைக் கடத்தும் திறனை அளந்த முறையோ கேட்போரை நடுங்கவைக்கும். அக்காலத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆகவே கவெண்டிஷ் தம் உடலையே கருவியாக்கினார். இலெய்டன் சாடிகளின் ஏற்றத்தை உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயினூடும் தம் கைகளினூடும் செலுத்தி, அதிர்ச்சி எவ்வளவு என்று உணர்ந்தார். வேறொரு குழாயை மாற்றி மீண்டும் உணர்ந்தார். இரு அதிர்ச்சிகளும் சமமாகும்வரை நீர்நிரலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். இவ்விதம் அவர் பெற்ற முடிவுகள் நம்புதற்கரிய செம்மையுடையன. இரும்புக் கம்பி மழைநீரைக் காட்டிலும் ஏறக்குறைய 40 கோடி மடங்கு நன்கு கடத்தும் என்றும், கடல்நீர் மழைநீரிலும் 100 மடங்கு நன்கு கடத்தும் என்றும் 1776ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெளியிட்டார். எவ்வாறு அளந்தார் என்பதை மட்டும் கூறவில்லை. 1781ஆம் ஆண்டிலே, தடை ஓட்டத்தின் வேகத்திற்கு நேர்விகிதமாகும் என்று குறித்துவைத்தார். ஓம் என்னும் ஜேர்மானியரின் பெயரால் வழங்கும் விதி வெளிவந்தது 1827ஆம் ஆண்டில்.

மேற்கூறிய 1776ஆம் ஆண்டுக் கட்டுரை மின்திருக்கையைப் பற்றியது. தொட்டவரை அதிரச் செய்யும் இம்மீனின் ஆற்றல் மின்னாலாயதே என்று ஜோன் வால்ஷ் என்பவர் 1772ஆம் ஆண்டிற் பிரான்சின் மேற்குக் கரையிற் செய்த சோதனைகளாற் கருதினார். பலர் இதனை மறுத்தனர். மின்னாயின் பொறி எங்கே? ஒலி எங்கே? அன்றியும், உப்புநீர் நன்கு கடத்துவதாயிற்றே. கடலில் வாழும் மீனின் மின் நீரிற் பாய்ந்து ஒழியாது மனிதனைத் தாக்குவது எப்படி? கவெண்டிஷ் சொல்லால் வாதிடவில்லை. மரத்தாலும் தோலாலும் செயற்கைத் திருக்கை ஒன்றைச் செய்தார். மின்னுறுப்பிற்குப் பதிலாக வெள்ளீயத் தகடுகளைப் பொருத்தி, 49 இலெய்டன் சாடிகளோடு இணைத்து, உப்புநீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். ஏற்றத்தின் அளவு மிகுதியாகவும் அழுத்தம் குறைவாகவும் இருப்பின் பொறி தோன்றாது, அதிர்ச்சி மட்டும் தோன்றும் என்பதையும், மின் ஒரு வழியாக மட்டுமன்றிக் கிடைக்கும் எல்லா வழிகளிலும் அவ்வவற்றின் தடைக்கேற்பப் பங்கிட்டுப் பாயும் என்பதையும் அதனாற் காட்டினார். 1775ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறீஸ்ற்லி, உடற்கூற்று வல்லுநர் ஜோன் ஹன்ரர் முதலியோரை வீட்டிற்கு அழைத்து, நீரிற் கைவைத்து அதிர்ச்சியை உணருமாறு செய்தார். எவரையும் தம் ஆய்வுகூடத்துள் விடாதவர் அன்று விட்டது, வால்ஷின் கூற்று மெய்யென நிறுவுதற்பொருட்டேயாம்.

மின்னியலில் அவர் வாழ்நாளில் அச்சேறியவை இவ்விரு கட்டுரைகளே. கோளச் சோதனை, கொள்ளளவங்கள், தடைவிதி ஆகிய யாவும் கட்டுக்கட்டாகக் கையெழுத்திற் கிடந்தன. ஏன் வெளியிட்டாரல்லர்? 1771ஆம் ஆண்டுக் கட்டுரையை அக்காலத்தவர் விளங்கிக்கொள்ளவில்லை. அது கணிதம் அறியார்க்கு எட்டாதது, கணிதம் அறிந்தார்க்கு மின்னியலில் நாட்டமில்லை. அதனால் மனந்தளர்ந்தார் என்பர் சிலர். பெருநூலொன்று எழுதத் தொடங்கி முடிக்காது விட்டார் என்பர் சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எம் கருத்து வேறு. விடையை அறியும் ஆவலே அவரை இயக்கியது. அறிந்தபின் அவ்வாவல் அடங்கிற்று. பிறர் அதனை அறியவேண்டும் என்ற எண்ணம், பாராட்டை விரும்பும் நமக்கு இயல்பாய் எழுவது போல் அவர்க்கு எழவில்லை. பசித்தவன் உண்டபின் உணவை மறப்பது போல. பொருளுக்கும் புகழுக்கும் அடிமைப்படாத அவ்வுள்ளத்தை வியவாதிருத்தல் இயலாது. ஆயினும் அதனால் உலகிற்கு நேர்ந்த இழப்பையும் மறைத்தல் தகாது. பரடேயும் ஓமும் அவர் நின்ற இடத்திலிருந்து தொடங்காது, அவர் தொடங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்க நேர்ந்தது.

கூலோமின் வழி வேறு. மெல்லிய கம்பியின் முறுக்கத்தால் நுண்விசைகளை அளக்கும் முறுக்குத் தராசை அமைத்து, ஏற்றிய இரு சிறு குண்டுகளின் தள்ளுகையை நேரே அளந்தார். குண்டுகள் 36 பாகை இடைவெளியில் நின்றபோது முறுக்கம் 36, இடைவெளி 18 ஆக அரைவாசியானபோது 144, அதாவது நான்கு மடங்கு, 8.5 பாகைக்கு நெருக்கியபோது 575.5. மூன்றே அளவீடுகள், விதி நிலைநாட்டப்பட்டுவிட்டது. அவர் அதனை எழுதிப் பாரிசின் கலைக்கழகத்திற்கு அளித்தார், உலகம் அறிந்தது. கூலோமின் சோதனைகளைக் கவெண்டிஷ் அறிந்திருந்தார் என்பது, பின்னர் 1798ஆம் ஆண்டுக் கட்டுரையில் அத்தராசைப்பற்றி அவர் குறிப்பிடுவதனாற் புலனாகின்றது. அப்போதும் தம் கோளங்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இரசாயனத்தில் அவர் செய்தவை பலரும் அறிந்தவையாதலின் விரைந்து கூறுவோம். அமிலத்தில் உலோகத்தை இட்டு எழும் எரிவாயுவை, பின்னாளில் ஐதரசன் எனப்பட்டதை, 1766ஆம் ஆண்டில் முறையாக ஆராய்ந்து கொப்பிளிப் பதக்கம் பெற்றார். அது காற்றோடு கலந்து மின்பொறியால் வெடிக்கும்போது கிடைப்பது தூய நீரே என 1784ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றிலுள்ள நைதரசனை ஒட்சிசனோடு மின்பொறியாற் சேர்த்து நீக்கியபோது, நூற்றிருபதில் ஒரு பங்கிற்கு மேற்படாத சிறு குமிழி ஒன்று எதனோடும் சேராது எஞ்சிற்று. அதையும் அவர் விடாமற் குறித்தார். நூறாண்டுக்குமேற் கழித்து, 1894ஆம் ஆண்டில் இறேலி பிரபுவும் இராம்சேயும் ஆகன் வாயுவைக் கண்டபோதுதான் அக்குமிழி யாதென விளங்கிற்று.

பூமியின் அடர்த்தியைக் காணும் சோதனையை அவர் நடத்தியபோது அகவை அறுபத்தாறு. காலஞ்சென்ற ஜோன் மிச்செல் அமைத்துவிட்டுப்போன முறுக்குத் தராசைத் திருத்தி, ஓரடி விட்டமுள்ள இரு ஈயக் குண்டுகள் இரண்டங்குலக் குண்டுகளை இழுக்கும் மிகச் சிறிய விசையை அளந்தார். தம் உடலின் வெப்பம் காற்றை அசைக்கும் என்றஞ்சி, கருவியை மூடிய அறையில் வைத்து, வெளியிலிருந்து தொலைகாட்டியினால் நோக்கினார். அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல 5.48 மடங்கு என்று அறிவித்தார். இன்றைய மதிப்பு 5.51. இயற்கையின் இருபெரும் விசைகளாகிய ஈர்ப்பையும் மின்விசையையும் ஒருவரே ஆய்வுகூடத்திற் பிடித்தளந்தார் என்பது எண்ணத்தக்கது. ஐதரசன் அணுவிலே புரோத்தனுக்கும் இலத்திரனுக்குமிடையே மின்விசை ஈர்ப்பிலும் எத்தனை மடங்கு என்று கணித்தால், 2க்குப் பின் 39 பூச்சியங்கள் இடவேண்டும். அவ்வளவு வலிய விசையை நாம் அன்றாடம் உணராதிருப்பது, பொருளெங்கும் நேரேற்றமும் மறையேற்றமும் இம்மியும் பிசகாது சமனாயிருப்பதனாலேயாம்.

1810ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் கிளப்பம் இல்லத்தில் அவர் ஆவி பிரிந்தது. அந்திமநேரத்தும் பணியாளனை விலகிச் செல்லுமாறு பணித்துத் தனித்திருந்தார் என்பர். டார்பி நகரில் அனைத்துப் புனிதர் தேவாலயத்திலுள்ள குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். பத்திலட்சம் பவுண் அளவினதான செல்வம் பெரும்பாலும் உறவினரைச் சேர்ந்தது. காகிதக் கட்டுகளும் அவ்வாறே சேர்ந்தன. செல்வத்தை எண்ணியவர் பலர், காகிதங்களைப் பிரித்தவரில்லை.

நாற்பதாண்டுகள் அணுகும் வேளையில், அக்கட்டுகளுள் மின்னியற் பகுதி சேர் வில்லியம் சினோ ஹரிஸ் என்பாரிடம் இருந்தது. 1849ஆம் ஆண்டிற் பிளிமத் நகரில் அவரைக் காணச் சென்ற இளம் பேராசிரியர் வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, அவற்றைப் புரட்டியபோது 1.57 என்ற எண்ணைக் கண்டு திகைத்துப்போனார். கோளத்திற்கும் தட்டிற்குமுள்ள விகிதம், வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்துவரும் எண்ணின் பாதி, 1.571 என்பது உயர்கணிதம் காட்டும் விடை. கவெண்டிஷ் அதனை நெட்டியுருண்டைகளைக்கொண்டு அளந்தே கண்டிருந்தார். இவை அச்சேறவேண்டும் என்று தொம்சன் வற்புறுத்தினார். அப்படியும் கால்நூற்றாண்டு கழிந்தது.

அப்போது டெவன்ஷயரின் ஏழாம் கோமகன் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்தார். அவர் அளித்த பொருளால் எழுந்த கவெண்டிஷ் ஆய்வுகூடம் 1874ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் முதற் பேராசிரியர் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல். மின்னும் காந்தமும் ஒளியும் ஒன்றென நிறுவிய அப்பெருமகனிடம் அதே ஆண்டில் கோமகன் அக்கட்டுகளை ஒப்படைத்தார். மக்ஸ்வெல் தம் வாழ்வின் எஞ்சிய ஐந்தாண்டுகளிற் பெரும்பகுதியை அவற்றிற்கே ஈந்தார். கையெழுத்துப் பிரதிகளைத் தாமே படியெடுத்தார்; சோதனைகளைத் திரும்பச் செய்வித்தார். உடலைக் கருவியாக்கிய அதிர்ச்சிச் சோதனையைக்கூட விடவில்லை. ஆய்வுகூடத்திற்கு வந்தோரும் அதற்கு உட்படவேண்டியிருந்தது. தம் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு இறந்த ஒருவரின் ஏட்டைப் பதிப்பித்தது காலவிரயம் எனக் கருதுவாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அழிந்துபோகும் ஏடுகளை ஊரூராய்த் தேடிப் பதிப்பித்த ஆறுமுகநாவலரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் ஈன்ற மண்ணிற் பிறந்தார்க்கு அப்பணியின் அருமையை எடுத்துரைத்தல் மிகை.

கோளச் சோதனையை மக்ஸ்வெலும் டொனால்ட் மக்கலிஸ்ரரும் சேர்ந்து திருத்தமாகச் செய்தனர். வெளியோட்டைத் திறவாது, சிறு துளையொன்றின் வழியாக உட்கோளத்தைச் சோதித்தனர். நெட்டியுருண்டைகளுக்குப் பதிலாகத் தொம்சனின் நுண்ணிய மின்மானியைப் பயன்படுத்தினர். அடுக்கு இரண்டினின்று 21600இல் ஒரு பங்கும் விலகவில்லை என்று கண்டனர். நூல் 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் மக்ஸ்வெல் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அதே ஆய்வுகூடத்தில் 1897ஆம் ஆண்டில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். கவெண்டிஷ் பாய்மம் என எண்ணியது உண்மையில் எண்ணத்தக்க துணிக்கைகளால் ஆயது எனத் தெளிந்தது. அமெரிக்காவில் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக்கொண்டு அத்துணிக்கை ஒன்றின் ஏற்றத்தை அளந்தார். அவ்வளவு இன்று 1.602176634 × 10⁻¹⁹ கூலோம் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல் மின்னோட்டத்தின் அலகாகிய அம்பியரும் அதனையே அடியாகக் கொண்டு நிற்கின்றது.

ஓட்டினுள் ஓட்டை வைத்து உள்ளே ஏற்றம் உண்டோ என வினவும் கவெண்டிஷின் முறையும் கைவிடப்படவில்லை. தூரத்தை நேரே அளக்கும் கூலோமின் முறை எட்டாத செம்மையை அம்முறை எட்டிற்று. 1936ஆம் ஆண்டில் பிளிம்ரனும் லோற்றனும் அமெரிக்காவில் அதனைச் செய்து, விலகல் 100 கோடியில் இரண்டு பங்கிற்கு மேற்படாது என்றனர். 1971ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், பாலர், ஹில் ஆகிய மூவரும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த உலோக ஓடுகளில் மாறும் மின்னழுத்தத்தைச் செலுத்திச் சோதித்தனர். 1க்குப் பின் 15 பூச்சியங்கள் இட்டு வரும் எண்ணில் ஒரு பங்களவுகூட விலகலை அவர்கள் காணவில்லை.